ஐந்தாம் வகுப்போடு கீழடிக்கு: ஒரு கல்விச் சுற்றுலாவை மூன்று வாரப் பாடமாக்குவது எப்படி?

முதன்முதலாகப் பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனபோது ஐம்பது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், ஒரு பஸ். நாற்பது நிமிடத்தில் எல்லாக் கூடங்களையும் சுற்றி முடித்துவிட்டோம். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன் எழுதிய தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது: "நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எலுமிச்சைச் சோறு நன்றாக இருந்தது. பானை பார்த்தோம்."

பையனைக் குறை சொல்ல முடியாது. ஜன்னலும் சோறும் அவனுக்குத் தெரிந்தவை. பானையைப் பற்றி அவனுக்கு நான் எதுவுமே சொல்லித் தந்திருக்கவில்லை.

அதன் பிறகு, பாடம் முடிந்ததும் கொடுக்கிற மிட்டாய் போலச் சுற்றுலாவை வைப்பதை விட்டுவிட்டேன். இப்போது அது பாடத்தின் நடுவில் வருகிறது. போவதற்கு முன் இரண்டு வாரம், போய் வந்த பின் ஒரு வாரம். கீழே இருப்பது மதுரைப் பக்கத்துக் கிராமத் தொடக்கப் பள்ளி ஒன்றின் ஐந்தாம் வகுப்பில், 28 பிள்ளைகளோடு நான் செய்துபார்த்த முறை. உங்கள் ஊருக்கு அருகில் வேறு அருங்காட்சியகமோ கோட்டையோ இருந்தால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள்; வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

தேதி குறிப்பது

தை, மாசிதான் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்து எல்லா ஏற்பாட்டையும் குலைத்துவிடும். பங்குனி பிறந்துவிட்டால் வெயிலில் பிள்ளைகள் வாடிப்போவார்கள். சனி, ஞாயிறு வேண்டாம். கூட்டத்துக்கு நடுவில் பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது பெரியவர்களின் முதுகு மட்டுமே. வேலை நாளின் காலைதான் சரி. அருங்காட்சியகத்தின் வார விடுமுறை எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த ஆசிரியர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

முதலில் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. தாண்டாதீர்கள். கீழடி சிவகங்கை மாவட்டத்தில், மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் இருக்கிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டப்பட்டது. ஒரு விடுமுறை நாளில் போய் மூன்று வேலைகளை முடியுங்கள்.

வண்டி எங்கே நிற்கும், கழிப்பறையும் குடிநீரும் எங்கே இருக்கின்றன, 28 பேர் உட்கார்ந்து சாப்பிட நிழல் எங்கே கிடைக்கும் என்று பார்த்து வைப்பது முதல் வேலை. இரண்டாவது, கூடங்களில் முழங்கால் மடக்கிக் குனிந்து பாருங்கள். பிள்ளையின் கண்மட்டத்தில் எது தெரிகிறதோ அதுதான் உங்கள் பாடம். காவலாளி ஒரு மாதிரியாகப் பார்ப்பார்; பார்க்கட்டும். மூன்றாவது, ஐந்தே ஐந்து பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். என் பட்டியல் இதுதான்: பெயர் கீறிய பானை ஓடு, கறுப்பு சிவப்புப் பானை, சுடுமண் உறைகிணறு (சுட்ட மண் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறு), நூல் நூற்கும் தக்களி, விளையாட்டுச் சில்லு. தங்க அணிகலன்களையும் கடல் வணிகத்தையும் விட்டுவிட மனம் வரவில்லைதான். ஆனால் எல்லாவற்றையும் காட்டப்போய்த்தான் முதல் தடவை கோட்டைவிட்டேன்.

எச்சரிக்கையாக ஒன்று: "தோண்டிய குழியைப் பார்க்கலாம்" என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அகழாய்வு முடிந்ததும் பெரும்பாலும் குழிகளை மூடிவிடுவார்கள். போகும் நாளில் என்ன திறந்திருக்கும் என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தாளும் பணமும்

தலைமையாசிரியரின் ஒப்புதல், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், வட்டாரக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம், பெற்றோரின் இசைவுக் கடிதம். மூன்று வாரம் முன்பே ஆரம்பித்தால் அலைச்சல் இல்லை. இசைவுக் கடிதத்தில் புறப்படும் நேரம், திரும்பும் நேரம், வண்டி எண், இரண்டு ஆசிரியர்களின் கைபேசி எண் ஆகியவற்றோடு "என் பிள்ளைக்கு வண்டியில் வாந்தி வரும் / வலிப்பு உண்டு / தினமும் மருந்து சாப்பிடுகிறது" என்று குறித்துக் கொடுக்கவும் இடம் விடுங்கள். கடைசி வரிக்காகத்தான் அந்தக் கடிதமே.

வண்டியின் தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். "நெருக்கி உட்கார்ந்தால் இன்னும் பத்துப் பேர் வரலாம்" என்று சொல்லும் ஓட்டுநரை அன்றே மாற்றிவிடுங்கள். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. ஆசிரியர்கள் போதாவிட்டால் மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மாரை அழையுங்கள். அவர்களில் பாதிப் பேர் மதுரையைத் தாண்டிப் போனதில்லை. பிள்ளைகளைவிட ஆவலாக வருவார்கள்.

பணக் கணக்கைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். வேன் வாடகை 4,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 28 பேருக்கு ஆளுக்கு எவ்வளவு? 150. உதவியாக வரும் நான்கு தாய்மாரும் பங்கு போட்டால்? 131 ரூபாய் 25 காசு. "25 காசுக்கு எங்கே போவது டீச்சர்?" என்று ஒரு கேள்வி வரும். புத்தகத்தில் இருக்கும் வகுத்தல் கணக்கு அன்றைக்குத்தான் உயிர் பெறும். ஆனால் வசூலை மட்டும் வகுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி உறை கொடுத்து, பெற்றோர் ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள். எந்த உறை காலியாக வந்தது என்பது உங்களுக்கும் தலைமையாசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

முதல் வாரம்: தோண்டுவது

பழக்கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கூடையோ பழைய தொட்டியோ நான்கு வாங்குங்கள். கூடை என்றால் உள்ளே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். அடியில் செம்மண் போட்டு, அதில் உடைந்த பானை ஓடும் பாசிமணியும் புதையுங்கள். நடுவில் ஆற்று மணல், அதில் ஒரு பழைய பித்தளைச் சாவி. மேலே தோட்டத்து மண், அதில் பேனா மூடியும் இரண்டு ரூபாய் நாணயமும். ஒவ்வோர் அடுக்கையும் அழுத்தித் தட்டிவிடுங்கள். கூடையின் மேல் சணல் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்தால் குழி தயார்.

ஏழு பேருக்கு ஒரு கூடை. கருவிகள் தேக்கரண்டியும் பெயின்ட் பிரஷும் மட்டும். கிடைத்த பொருள் எந்தச் சதுரத்தில், எந்த அடுக்கில் இருந்தது என்று ஒருவர் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் பொருளை வெளியே எடுக்கலாம்.

எங்கள் வகுப்பில் மூன்று கூடை ஒழுங்காக நடந்தது. நான்காவதில் ஒருவன் அவசரப்பட்டு இரண்டு கையையும் விட்டு அள்ளிவிட்டான். பேனா மூடியும் பானை ஓடும் ஒரே கைப்பிடியில் வந்தன. அவன் குழுவில் இருந்த சிறுமி நோட்டையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ பானை செய்தவரிடம் பேனா இருந்ததா?" என்று கேட்டாள். அரை மணி நேரம் நான் பேசியிருந்தாலும் அடுக்கு என்றால் என்னவென்று அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. ஒரு கூடையாவது கலைய வேண்டும் என்று இப்போதெல்லாம் உள்ளூர வேண்டிக்கொள்கிறேன்.

அந்தச் சூட்டோடு உண்மையான எண்களைச் சொல்லுங்கள். கீழடியில் 2018-இல் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில், 200 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 205-ஐச் சேர்ந்தது, 353 சென்டிமீட்டரில் கிடைத்தது கி.மு. 580-ஐச் சேர்ந்தது. மொட்டை மாடியிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, மேலிருந்து 200-இல் ஒரு முடிச்சும் 353-இல் ஒரு முடிச்சும் போடுங்கள். ஆழம் எவ்வளவு என்று அண்ணாந்து பார்க்கட்டும்.

சரி, கி.மு. 580 எவ்வளவு தூரம்? எண்ணாகச் சொன்னால் பத்து வயதுக்கு அது வெறும் எண்தான். மைதானத்துக்கு வாருங்கள். ஒரு தலைமுறை 25 ஆண்டு என்று வைத்து, ஆளுக்கொரு தலைமுறையாக வரிசையில் நிறுத்துங்கள். முதல் பிள்ளை இன்று, இரண்டாவது அம்மா, மூன்றாவது பாட்டி. 28 பேர் நின்றதும் 700 ஆண்டுதான் ஆகிறது. 2,600 ஆண்டுக்கு 104 பேர் வேண்டும். எங்கள் பள்ளியில் மொத்தமே 92 பிள்ளைகள். எல்லா வகுப்பும் வெளியே வந்தது. ஆசிரியர்கள் நான்கு பேரும் சேர்ந்தோம். சத்துணவுக்கூடத்திலிருந்து மூன்று பேர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்கள். இன்னும் ஐந்து பேர் குறைவு. கேட் பக்கம் போன ஒரு பெரியவர், பால்காரர், இரண்டு தாய்மார் என்று இழுத்து வந்து நிறுத்தினோம். 103. கடைசி இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் ஒரு மண்பானையை வைத்தோம். முதலாவதாக நின்ற பையன் அங்கிருந்து பானையை நோக்கிக் கையசைத்தான்.

இரண்டாம் வாரம்: ஓடு, எழுத்து, சில்லு

ஒரு மண்சட்டியைத் துணிப்பைக்குள் போட்டு உடையுங்கள். கூர்மையான விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் குழுவுக்குக் கொடுத்துப் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு துண்டை நீங்கள் மறைத்து வைத்துக்கொள்ளலாம். முழுப் பானையாகக் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று புரியும்.

இன்னொரு வேலை கணக்கு வகுப்புக்கு ஏற்றது. சார்ட் தாளில் ஒரே மையத்தில் சிறியதிலிருந்து பெரியது வரை வட்டங்கள் வரையுங்கள். வாய்விளிம்பு ஓடு ஒன்றை அந்த வட்டங்களின் மேல் நகர்த்திப் பார்த்தால் ஏதாவது ஒரு வட்டத்தோடு வளைவு பொருந்தும். அதுதான் பானையின் வாயளவு. தொல்லியல் அறிஞர்களும் உள்ளங்கை அகல ஓட்டை வைத்துக்கொண்டு முழுப் பானையை இப்படித்தான் அளக்கிறார்கள் என்று சொன்னால் கவராயத்தைக் கையில் எடுக்கப் போட்டி வரும்.

முடிந்தால் ஒரு நாள் குயவர் வீட்டுக்கு நடந்து போய் வாருங்கள். எங்கள் பக்கத்தில் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் பேர் போனது. கடம் அங்கே செய்கிறார்கள். சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். கறுப்பு சிவப்புப் பானைக்கு இரண்டு சாயம் பூசியதாகத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். சாயமே இல்லை. கவிழ்த்து வைத்துச் சுடும்போது உட்புறம் காற்றுப் புகாமல் கறுக்கிறது. வெளிப்புறம் காற்றுப்பட்டுச் சிவக்கிறது. இதைச் சூளைக்குப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

எழுத்துக்கு வருவோம். கீழடி ஓடுகளில் இருப்பது தமிழி, அதாவது தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும் பழைய தமிழ் எழுத்து. முழு நெடுங்கணக்கும் வேண்டாம். ஏழெட்டு எழுத்துப் போதும். 'க' என்பது கூட்டல் குறி மாதிரி இருக்கும், 'ர' ஒரு நேர்கோடு. இந்த இரண்டைச் சொன்னதுமே வகுப்பு சிரிக்கும். புள்ளி வைக்கும் வழக்கம் அப்போது இல்லை, ஆகவே மெய்யும் உயிர்மெய்யும் ஒன்று போலத் தெரியலாம் என்று சொல்லிவைத்தால், படிப்பது ஏன் கடினம் என்று தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஆளுக்கோர் ஓட்டுத்துண்டில் ஆணியால் பெயர் கீறட்டும். நான்காம் கட்டத்தில் மட்டும் எழுத்துப் பொறித்த 56 ஓடுகள் கிடைத்தன. 'குவிரன்', 'ஆதன்' என்ற பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. தன் பெயரைக் கீறிப் பார்த்த பிள்ளைக்கு ஆதன் பாடப்புத்தகத்து ஆள் இல்லை. தண்ணீர்ப் பாட்டிலில் பெயர் எழுதி வைக்கிற நம் வகுப்புக்காரன்.

சில்லுக்கு நீங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடைந்த ஓட்டைக் கல்லில் தேய்த்து வட்டமாக்கிப் பாண்டி ஆட அவர்களுக்கே தெரியும். கீழடியில் இதே வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன என்ற செய்தியை மட்டும் சொல்லாமல் வைத்திருங்கள். அதை அங்கே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஆளுக்கொரு கேள்வி

புறப்படும் முந்தின நாள் ஒவ்வொரு பிள்ளையும் அட்டையில் ஒரு கேள்வி எழுத வேண்டும். "எத்தனை?", "எப்போது?" என்று தொடங்கும் கேள்விகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவற்றுக்கு விளக்கப் பலகையிலேயே பதில் இருக்கும்; பிள்ளை பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு பொருளைப் பார்க்காமல் வந்துவிடும். எங்களுக்குக் கிடைத்தவற்றில் சில: கிணற்றுக்குள் உறையை எப்படி இறக்கினார்கள்? மயிலைச் சாப்பிட்டார்களா? (அங்கே கிடைத்த எலும்புகளில் மாடு, எருமை, ஆடு, மயில் எல்லாம் உண்டு.) பானையில் பெயர் எழுதியது வீட்டுக்காரரா, குயவரா?

கடைசிக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை முழுப் பதில் தெரியாது. தெரியாது என்று வகுப்பில் சொல்லிவிட்டேன்.

அன்றைய நாள்

காலை உணவைப் பள்ளியிலேயே முடித்துவிட்டு எட்டரைக்குப் புறப்பட்டால் பத்து மணிக்கு முன் போய்விடலாம். பையில் முதலுதவிப் பெட்டி, பெயர்ப்பட்டியல் இரண்டு பிரதி, பிளாஸ்டிக் உறைகள், எலுமிச்சம்பழம், பழைய துண்டு இரண்டு. வாந்தி வரும் என்று கடிதத்தில் எழுதிய பிள்ளைகள் முன் இருக்கையில். மதியத்துக்குப் புளியோதரை; சாம்பார் சாதம் வண்டியில் கொட்டும், வெயிலில் ஊசியும் போகும்.

இறங்கியதும் கழிப்பறை, தண்ணீர். பிறகு நான்கு குழுக்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு கூடத்தில் தொடங்கட்டும். முதல் கூடத்தில் 28 பேரும் மொய்த்துக்கொண்டால் பின்னால் நிற்பவர்கள் சேட்டையைத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் குறித்த ஐந்து பொருள்களில் பிள்ளைக்குப் பிடித்த ஒன்றின் முன் கால் மணி நேரம் உட்கார்ந்து பென்சிலால் வரைய வேண்டும். கைபேசியில் படம் எடுக்க வேண்டாம் என்று உடன் வரும் பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். வரையும் பிள்ளை உறைகிணற்றில் எத்தனை உறைகள் தெரிகின்றன என்று எண்ணும், விளிம்பில் இருக்கும் தடிப்பைக் கவனிக்கும். படமெடுக்கும் பிள்ளை அடுத்த பெட்டிக்கு ஓடும்.

சில்லு இருந்த பெட்டிக்கு முன்னால், மண்ணை அள்ளிக் குழியைக் கலைத்தானே, அதே பையன் சட்டைப்பையிலிருந்து தன் சில்லை எடுத்துக் கண்ணாடியின்மேல் வைத்து அளவு பார்த்தான். காவலாளி அதட்டப் போனவர், குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார்.

தலையெண்ணுவது ஐந்து முறை: ஏறும்போது, இறங்கியதும், சாப்பாட்டுக்கு முன், கிளம்பும்போது, பள்ளியில் இறங்கும்போது. இருவர் இருவராக ஜோடி சேர்த்து, ஜோடியைப் பற்றிய பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். ஒரு தடவை கிளம்பும்போது 27 வந்தது. எனக்குக் கைகால் ஓடவில்லை. கூடம் கூடமாக ஓடித் தேடிவிட்டு மூச்சு வாங்க வந்தால், ஆள் வண்டியின் கடைசி இருக்கைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் ஜோடியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கேட்கவே இல்லையே டீச்சர்" என்றான். அன்றிலிருந்து முதலில் ஜோடியைக் கேட்பேன், பிறகுதான் எண்ணுவேன்.

திரும்பி வந்த பிறகு

மறுநாள் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். கேள்வி அட்டைகளை மூன்று வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள்: பதில் கிடைத்தது, பாதி கிடைத்தது, கிடைக்கவில்லை. மூன்றாம் வரிசை நீளமாக இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

அடுத்த நான்கு நாளில் வகுப்பறையை அருங்காட்சியகமாக்குங்கள். வீட்டில் இருக்கும் மிகப் பழைய பொருள் ஒன்றை ஒவ்வொருவரும் கேட்டு வாங்கி வரட்டும். எங்களுக்கு மரக்கால், பல்லாங்குழிப் பலகை, வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, கைபிடி தேய்ந்த அரிவாள் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நான்கு வரிப் பலகை: பெயர், எதனால் ஆனது, யார் பயன்படுத்தியது, எதற்கு. நான்கு வரிக்கு மேல் கூடாது. இந்தக் கட்டுப்பாடு கட்டுரையைவிடக் கடினம். "இது மிகவும் அழகாக இருக்கும்" என்று எழுதினால் வரி வீணாகிவிடும் என்பதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை பெற்றோரை அழைத்தோம். ஒரு பாட்டி பித்தளை அளவைப் பாத்திரம் ஒன்றின் முன்னால் நின்று பலகையைப் பேத்தியை விட்டுப் படிக்கச் சொன்னார். "உழக்கு" என்று படித்தாள். "உழக்கா? இது ஆழாக்கு. யார் எழுதியது?" என்றார் பாட்டி. எழுதியவளே அவள்தான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று பாட்டி அங்கேயே வாய்ப்பாடு ஒப்பித்தார். சத்துணவு அரிசியை வாங்கி வந்து அளந்து பார்த்தோம். பாட்டி சொன்னது சரியாகத்தான் இருந்தது. பலகையை அடித்துத் திருத்தினோம். அடித்தல் தெரியும்படியே வைத்துவிட்டோம்.

கடைசி வேலை அஞ்சல். மூன்றாம் வரிசையில் இருந்த கேள்விகளைப் பிள்ளைகள் அஞ்சலட்டையில் எழுதி அருங்காட்சியகத்துக்கு அனுப்பட்டும். பலருக்கு இதுதான் முதல் கடிதம். அஞ்சல் குறியீட்டு எண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று காட்டித் தர வேண்டியிருக்கும். தபால்பெட்டி வரை எல்லோரையும் நடத்திக் கூட்டிப் போங்கள். நாங்கள் போட்டவை பதினொன்று. தினமும் காலையில் தபால்காரர் சைக்கிள் கேட்டைக் கடக்கும்போது ஐந்தாம் வகுப்பு ஜன்னலில் ஏழெட்டுத் தலைகள் தெரிகின்றன.